அம்மனுக்கும் தம்பிக்கும் ஒரே படிக்கட்டு

ஒரே படிக்கட்டில் மேலே ஏறிவரும் அம்மனும் கீழே இறங்கிவரும் நோயாளியும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டால், ஒதுங்க வேண்டியவர் யார்?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். இந்த வினா பரீட்சைத் தாளில் வந்திருந்தால் உரிமை, வளப் பகிர்வு, நம்பிக்கை என்று உபதலைப்புகள் இட்டு நிதானமாக எழுதியிருப்பேன். வந்த இடமோ ஓர் இறப்பர் தோட்டத்தின் செங்குத்தான படிக்கட்டு. என் தோளில் ஒரு மூங்கில் கழி. கழிகளில் கட்டிய சக்கர நாற்காலியில் பதினான்கு வயதுத் தம்பி. எதிரே, சில படிகள் கீழே, பட்டுடுத்தி எலுமிச்சை மாலை அணிந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த மாரியம்மன். அம்மனுக்குப் பின்னால் தோட்டமே நின்றது. எங்களுக்குப் பின்னால் அம்மா மட்டும் இடுப்பில் கைவைத்தபடி, மற்றக் கையில் கிளினிக் பையோடு நின்றார்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் மலைச்சரிவின் மேல் விளிம்பில் இருக்கிறது. பஸ் போகும் தெருவும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களமும், பாடசாலையும், கோயிலும் கீழே இருக்கின்றன. நடுவில் இருப்பது இந்தப் படிக்கட்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அகலம். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் ஆழமான கான், மறுபக்கம் இறப்பர் மரங்களுக்குள் இறங்கும் பள்ளம். கட்டியவர்கள் நல்ல நிலத்தை மரங்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் மனிதர்களை வைத்தார்கள் என்பது என் கருத்து. அதைப் பெரிய ஆராய்ச்சியாக நான் சொல்லவில்லை. ஒருமுறை அரிசி மூட்டையோடு ஏறியவர்கள் யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

தம்பிக்கு இருப்பது டுஷேன் தசைச் சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும் பிறவிக் கோளாறு அது. தசையைக் காக்கும் ஒரு புரதம் உடம்பில் உருவாகாததால், தசைகள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்து போகின்றன. பாலர் வகுப்பில் அடிக்கடி விழுந்தான். பிறகு, விழுந்தால் தன் தொடைகளிலேயே கையூன்றி எழக் கற்றுக்கொண்டான். பதினொரு வயதில் நடை நின்றது. இருதயமும் ஒரு தசைதான் என்பதை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. சென்ற முறை கிளினிக்கில் டொக்டர்தான் யோசிக்க வைத்தார். இருதயம் களைக்கத் தொடங்கியிருக்கலாம், அடுத்த தவணைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து தொடங்குவதா என்று முடிவுசெய்வோம், அந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள் என்றார். அவர் கொழும்பிலிருந்து எங்கள் மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, பதினொரு மணிக்குத் திரும்பிவிடும் விசேட வைத்தியர். தவறினால் அடுத்த தவணைக்குப் பல மாதங்கள் ஆகும்.

பராமரிப்புப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சிங்களத்தில் இருந்தது, தமிழில் இன்னும் வரவில்லை என்றார்கள். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கணுக்கால் இறுகாமல் எப்படி நீட்டிப் பயிற்சி கொடுப்பது, படுக்கையில் எப்படிப் புரட்டுவது, தூக்குகிறவர் முதுகைக் காத்துக்கொள்வது எப்படி என்று எல்லாமே படத்தோடு இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு தாய், மகனைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டு வாசலின் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இவுங்க வீடு எங்க இருக்காம்?” என்று கேட்டார்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், தம்பியைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கும் வாகனம் அவருடைய முதுகுதான். காலையில் இறப்பர் பால் வெட்டப் போவதற்கு முன் அவனைப் பாடசாலையில் இறக்குவார். வாளியோடு திரும்பி வந்து, பாடசாலை விட்டதும் ஏற்றுவார். அவன் குடிக்கும் ஸ்டீரொய்ட் மாத்திரை தசைக்கு நல்லது. உடல் எடையையும் கூட்டும். மாத்திரையின் நன்மை தம்பிக்கும் எடை அம்மாவுக்குமாக எங்கள் குடும்பத்தில் பங்கிடப்பட்டிருந்தது.

உதவி கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சக்கர நாற்காலி தேவைக்கு அதிகமாகவே கிடைத்தது. முதலாவதை ஒரு சேவைக் கழகம் தந்தது. இரண்டாவதைத் தேர்தலுக்கு நின்ற ஒருவர் தந்தார். மூன்றாவதை யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி, காலமான தன் வாப்பாவின் நினைவாகத் தந்தார். மூன்று முறையும் பிரட்டுக்களத்தில் வைபவம் நடந்தது. மூன்று முறையும் தம்பி அம்மாவின் முதுகில் இறங்கிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, படமெடுத்து முடிந்ததும் அம்மாவின் முதுகிலேயே ஏறி வந்தான். நாற்காலியை அப்பா தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

முதலாவது நாற்காலி தம்பிக்குச் சிறியதாகிவிட்டதால் அதில் ஒரு கோழி அடைகாத்தது. இரண்டாவது அளவாக இருந்தது. லயத்து அறையான காம்பராவுக்குள் அதில்தான் இருப்பான். மூன்றாவது பெரியவர்களுக்கான அளவு. வாசலுக்குள் நுழையாததால், வந்த பிளாஸ்டிக் உறையோடு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றது. முதலாளி நல்ல மனிதர். “வேற ஏதும் தேவையா?” என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். பாதை என்றேன். “அது நம்ம கடையில இல்லயே, புள்ள” என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஆகவே முறைப்படி விண்ணப்பித்தேன். படிக்கட்டுக்குப் பதிலாக, இறப்பர் மலையைச் சுற்றி வளைந்து இறங்கும் ஒரு சாய்வுப் பாதை. சில பழைய மரங்களை எடுத்தால் போதும். விண்ணப்பம் பல மேசைகளைக் கடந்து, இறுதியில் பதில் தயாரிப்பதற்காக என் மேசைக்கே வந்து சேர்ந்தது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் அரசு பாதை போட முடியாது என்று எனக்கு நானே தட்டச்சு செய்து, மேலதிகாரியின் கையொப்பம் வாங்கி அனுப்பினேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனேன். நலன்புரி விடயங்கள் அரசின் பொறுப்பு, அத்துடன் மரங்களைத் தொட முடியாது என்றார். எல்லோருடைய அதிகாரத்துக்குள்ளும் அடங்கிய ஒரே பொருள் சக்கர நாற்காலிதான் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

பிறகு ஒரு மழை நாளில் அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. தம்பியைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பியின் பாடசாலை நின்றது. கிளினிக் நாள் மட்டும் நெருங்கி வந்தது; அது கோயில் திருவிழா நாளாகவும் இருந்தது.

தோட்டத்தில் பலமுள்ள இளைஞர்கள் எல்லோரும் அன்று காப்புக் கட்டி அம்மனின் சப்பரத்தைத் தூக்குகிறவர்கள். மீதி இருந்தவர்களைத் திரட்டினோம்: அப்பா, பக்கத்துக் காம்பரா மாமா, கீழே ஆட்டோ ஓட்டும் சிங்கள அண்ணன், நான். சாமி தூக்குவது போலவே நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினோம். உயரம் குறைந்தவர்கள் பின்னால், உயர்ந்தவர்கள் முன்னால். படியில் இறங்கும்போது இருக்கை மட்டமாக இருக்க அதுதான் வழி. கோயில் தலைவரிடம் முன்கூட்டியே போய், ஊர்வலம் எத்தனை மணிக்குப் படியேறும் என்று கேட்டேன்.

“பத்துக்கு முன்ன கெளம்புனதா சரித்திரமே இல்ல. நீங்க ஆறுதலா எறங்குங்க” என்றார்.

நாங்கள் எட்டு மணிக்குக் கழியைத் தோளில் வைத்தோம். துரைக்குக் கொழும்பில் ஏதோ கூட்டம் இருந்ததாம். அவர் போவதற்கு முன் தீபாராதனை பார்க்க வேண்டும் என்று சொன்னதால், ஊர்வலம் அந்த ஒரு முறை நேரத்தோடு புறப்பட்டது எங்களுக்குத் தெரியாது.

பாதிப் படியில் நடு லயம். அங்கே பெண்கள் குடங்களில் மஞ்சள் தண்ணீரோடு அம்மனுக்காகக் காத்திருந்தார்கள். கீழிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்கிறது. மேலிருந்து கழியில் கட்டிய ஆசனம் ஒன்று அசைந்து அசைந்து வருகிறது. அதில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் திருவிழா நாளில் ஒரு பிள்ளையைக் கழியில் வைத்துத் தூக்கி வந்தால், அது நேர்த்திக்கடன் என்பதைத் தவிர வேறு எதுவுமாக இருக்க முடியாது. முதல் குடம் அப்பாவின் காலில் கவிழ்ந்தது.

“யக்கா! புள்ளைக்கு நேத்தி வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லலயே!”

“நேத்தியும் இல்ல ஒண்ணும் இல்லடி! கிளினிக்குக்குப் போறோம்!” என்று அம்மா பின்னாலிருந்து கத்தினார்.

“எங்க போனாலும் ஆத்தா தொணையா வருவா!”

இரண்டாவது குடம் தம்பியின் மடியில். சந்தனம் நெஞ்சில். கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலை. தோளில் பாரம் இருப்பவர்கள் கை எடுத்துத் தடுக்க முடியாது என்பதால், கழியின் கீழ் நாங்கள் நால்வரும் ஆசீர்வாதத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டோம். ஒரு அத்தை தம்பியின் காலைத் தொட்டு, “சாமி, என் மகளுக்கு இந்த வருசமாச்சும் நல்ல எடம் அமையுமா?” என்றார். அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். மற்றப் பாதியை நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

“டொக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் அத்த” என்றான் தம்பி.

அங்கிருந்து கொஞ்சம் கீழே, படியோரத்துப் பீலியில் தண்ணீர் விழும் இடத்தில்தான், வளைவு திரும்பி அம்மன் எதிரே வந்தார்.

தலைவர் முன்னால் நடந்து வந்தார். “யாருய்யா அது மேல இருந்து? அம்மா வர்றது தெரியலயா? ஒதுங்குங்க, ஒதுங்குங்க!”

“எங்க ஒதுங்க, தலைவரே? இந்தப் பக்கம் கான், அந்தப் பக்கம் பள்ளம்” என்றார் அப்பா.

“அப்ப மேல போங்க.”

“இதோட திரும்புனா புள்ள கவுந்திருவான். நீங்க அந்த வளைவு வரைக்கும் எறங்குங்களேன்” என்றார் மாமா.

கூட்டம் முழுவதும் படியிலேயே நின்றது. தப்பு மட்டும் நிற்கவில்லை. அம்மன் வெளியே இருக்கும்வரை அதை நிறுத்தக் கூடாது. ஆகவே அடுத்து நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் தப்புச் சத்தத்துக்கு மேலாகக் கத்தியே நடந்தது.

பூசாரி சொன்னார்: “அம்மா ஏறுனா ஏறுனதுதான். பின்னுக்குக் கால் வைக்க மாட்டா. போன வருசம் கொளவி கொட்டுனப்பவே போகல.”

“அம்மா போகல. கொட்டு வாங்குனது நாங்க” என்றான் சப்பரத்தின் கீழிருந்து ஒருவன்.

இதற்குள் ஆட்டோ அண்ணன் அம்மனைப் பார்த்துவிட்டார். “அனே, மெணியோ!” என்று சிங்களத்தில் தாயே என அழைத்துக்கொண்டே, மரியாதைக்காகச் செருப்பைக் கழற்ற ஒரு காலைத் தூக்கினார். நாற்காலி அந்தப் பக்கமாகச் சரிந்தது.

“அண்ணே, பக்தி வேணாம், கழியப் புடிங்க!” என்று தம்பி சிங்களத்தில் அலறினான். அண்ணன் செருப்போடு நேராக நின்றார். அன்று முழுவதும் அது அவருக்கு மனக்குறையாகவே இருந்தது.

தலைவர் கோயில் சபையின் அவசரக் கூட்டத்தை அங்கேயே கூட்டினார். செயலாளர் சப்பரத்தின் முன் கழியில் இருந்தார். தோளில் அம்மனைச் சுமந்தபடியே, “உறுப்பினர்கள் போதுமான அளவு இருக்கோம், ஆரம்பிக்கலாம்” என்று அறிவித்தார். பையனை நாற்காலியோடு எல்லோர் தலைக்கும் மேலாகக் கைமாற்றிக் கொடுக்கலாம் என்று ஒருவர் பிரேரித்தார். அம்மா இரண்டே சொல்லில் அதை நிராகரித்தார். பையன் சப்பரத்துக்கு அடியில் நுழைந்து வரலாம், அது புண்ணியமும் கூட என்றார் இன்னொருவர்.

“அவன் நொழஞ்சு வர்றதுன்னா நாங்க ஏன்யா கழி கட்டுறோம்?” என்றார் அப்பா.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் நான் எழுதிய கட்டுரைகளில் ‘பங்குதாரர்களின் கலந்துரையாடல்’ என்று இதைத்தான் புகழ்ந்திருந்தேன். டொக்டரின் வாகனம் புறப்படும் நேரம் மட்டும் எந்தக் கலந்துரையாடலுக்கும் உட்பட்டதாக இல்லை. கழி தோளெலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஒரு பிள்ளையின் இருதயம். மறுபக்கம், வருடம் முழுவதும் அட்டைக்கும் மழைக்கும் கங்காணியின் வாய்க்கும் நடுவே வாழ்கிற இத்தனை பேர் தங்களுக்கென்று வைத்திருக்கும் ஒரே பெரிய நாள். ஒதுங்குங்கள் என்று யாரிடம் சொன்னாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

தம்பி அதையெல்லாம் எடைபோடவில்லை.

“பூசாரி ஐயா, அம்மனுக்கு இன்னைக்கு கிளினிக் இருக்கா?”

“என்னடா பேச்சு இது?”

“எனக்கு இருக்கு. பதினோரு மணிக்கு டொக்டர் போயிருவாரு. என் ஹார்ட்டுக்கு மருந்து வேணுமா வேணாமான்னு இன்னைக்குத்தான் பாக்கணும். அம்மன் வருசா வருசம் வர்றவங்கதானே. கொஞ்சம் எறக்கி வச்சீங்கன்னா நான் போயிருவேன்.”

பூசாரி அம்மனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “எறக்கலாம், அய்யா. ஆனா தரையில வைக்கப்படாது. ஆசனம் வேணும். யாரும் உக்காராத ஆசனம்.”

“நீங்களே கையில வச்சுக்கிட்டு நில்லுங்களேன்” என்றார் மாமா.

“பஞ்சலோகம்ப்பா. எனக்கு இடுப்பு வலி இருக்கு.”

“உங்களுக்குமா?” என்றார் அம்மா. அதுவரை பின்னால் நின்றவர், தப்புச் சத்தத்தையும் தாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வீட்டு இஸ்தோப்புல ஒரு வீல்செயார் இருக்கு. உறை கூடப் பிரிக்கல. ஒருத்தரும் உக்காந்ததில்ல.”

செயலாளர் அதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சப்பரத்தின் கீழிருந்த எல்லோரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள்.

நடு லயத்துப் பெண்கள் மேலே ஓடினார்கள். மடக்கிய நாற்காலி கைமாறிக் கைமாறி இறங்கி, கடைசியாகத் தம்பியின் தலைக்கு மேலாகவே கடந்து போனது. “எனக்கு வந்தது என் தலைக்கு மேலயே போகுது, பாருங்க” என்றான் அவன். பீலிக்குப் பக்கத்தில், பெண்கள் குடம் வைக்கும் சிமெந்துத் திட்டு இருந்தது. சப்பரம் நின்ற இடத்துக்கு நேராக அது இருந்ததால், அம்மன் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால் போதும். ஒரு நாற்காலிக்குத்தான் அங்கே இடம். உறையைப் பிரித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி, ‘எங்கள் அன்பு வாப்பாவின் நினைவாக’ என்ற எழுத்தின் மேல் சிவப்புப் பட்டுத் துணியை விரித்தார்கள். பூசாரி அம்மனை எடுத்து அமர்த்தினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

அம்மன் நகரத் தொடங்கினார்.

தண்ணீர் வடிந்தோடுவதற்காகத் திட்டைப் பள்ளத்துப் பக்கம் சரிவாகக் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் அருள் வந்துவிட்டதென்று கும்பிட்டார்கள். பூசாரியும் ஒரு கணம் கும்பிடத்தான் போனார்.

“பிரேக்! பிரேக்கப் போடுங்க! சக்கரத்துக்கு முன்னால கைப்பிடி! ரெண்டு பக்கமும்!” என்று தம்பி கத்தினான். மூன்று நாற்காலிகளை ஆண்டவன் அவன். பூசாரி பாய்ந்து ஒன்றை இழுத்தார். தலைவர் மற்றதை இழுத்தார். அம்மன் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

அம்மன் இறங்கிய பிறகு சப்பரம் வெறும் பலகைதான். இளைஞர்கள் அதைச் சாய்த்துக் கானுக்கு மேலாகப் பிடித்தார்கள். அவர்களில் நால்வர், காப்புக் கட்டிய கையோடு வந்து எங்கள் கழிகளை வாங்கிக்கொண்டார்கள். தோட்ட எல்லையைத் தாண்டாத வரை பாதகம் இல்லை என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். அம்மனைக் கடக்கும்போது தம்பியால் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட முடியவில்லை. அவன் கைகள் இப்போது தோளுக்கு மேல் எழுவதில்லை. கண்ணை மூடித் திறந்தான். பூசாரி அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “ஓடு, ஓடு, டொக்டர் போயிருவாரு” என்றார், ஏதோ அவன் ஓடக்கூடியவன் போல.

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். மாலையும் மஞ்சளும் குங்குமமுமாக வந்தவனைப் பார்த்துவிட்டு, நர்ஸ் கலியாணமா என்று சிங்களத்தில் கேட்டார். சந்தனத்தின் மேல் ஈ.சீ.ஜி. ஒட்டிகள் ஒட்டவில்லை. பஞ்சால் துடைத்தார், துடைக்கத் துடைக்க மஞ்சள் வந்தது. டொக்டர் பையை மூடி வைத்திருந்தார். தம்பியைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேன் இயந்திரத்தைத் தானே இழுத்து வந்தார். திரையில் அந்தச் சிறிய இருதயம் கொஞ்சம் அலுப்போடு வேலை செய்துகொண்டிருந்தது. களைப்புத் தொடங்கிவிட்டது, இன்றே மருந்தை ஆரம்பிக்க வேண்டும், இன்னும் பல மாதங்கள் விட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்காது என்றார். நோயை அது நிறுத்தாது, இருதயத்துக்குக் கைகொடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா வெளியே வந்து, மாத்திரைப் பொதியைத் தம்பியின் மாலைக்குள் செருகிவிட்டு, வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதார்.

மாலையில் நாங்கள் திரும்பியபோது அம்மன் இன்னும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். லயத்து வாசல்களின் சமதரையில் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், நன்றாக ஓடியிருக்கிறது. தோள்கள் தப்பின, பூசாரியின் இடுப்பும் தப்பியது. ஆனால் படிக்கட்டு வந்ததும் மறுபடி தூக்க வேண்டியிருந்தது. அந்த வாரமே கோயில் சபை கூடி, அம்மனுக்கு ஒரு சாய்வுப் பாதை வேண்டும் என்று தீர்மானித்தது. நான் காட்டிய அதே மலை, அதே வளைவு, அதே பழைய மரங்கள். துரையிடம் போனார்கள். மரங்கள் எப்படியும் அடுத்துப் பிடுங்க வேண்டியவைதானே என்று அவர் உடனே சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் நடந்தது. இரும்புக்கடை முதலாளி சிமெந்து அனுப்பினார். அது அவர் கடையில் இருந்தது.

மகிழ்ச்சியோடு எனக்கு ஒரு கசப்பும் இருந்தது. ஒரு பிள்ளை கேட்டுக் கிடைக்காதது அம்மன் கேட்டதும் கிடைத்தது. வரமாக வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும் என்ற பயமும் இருந்தது. ஆகவே கோயில் சபைக்குப் போய், நடக்க முடியாதவர்கள் எவரும் எந்த நாளும் இந்தப் பாதையைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானத்தில் சேர்க்கும்படி கேட்டேன். தலைவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“இதுல கேக்க என்ன புள்ள இருக்கு? மாரியம்மாவே நடக்காதவதானே” என்றார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது தம்பி அந்தப் பாதையில் தினமும் பாடசாலைக்குப் போகிறான். காலையில் நான் தள்ளுகிறேன். திரும்பும்போது அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் தள்ளுகிறார்கள். கிளினிக் எதுவும் தவறவில்லை. அம்மா அவனைத் தூக்குவதில்லை. வீட்டில் இரண்டு சக்கர நாற்காலிகள் இருக்கின்றன. மூன்றாவது கோயிலில் இருக்கிறது.